நிறைஞ்சிருக்கு

அந்த அம்மாவின் பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் ஆய்வறிக்கையிலும் அவருக்குப் பெயர் கிடையாது. 'தகவல் தந்தவர், பெண், லைன் வீடு' என்று ஒரு வரி, அவ்வளவுதான். பெயர் போட்டால் ஆளுக்குச் சிக்கல் வரும் என்பது ஆய்வு விதி. பெயர் போடாமலே அவருக்கு வந்த சிக்கலைத்தான் இப்போது சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கேள்வி கேட்டுப் பிழைக்கிறவள். வீடு ஊட்டிப் பக்கம் வெலிங்டனில். இந்த மலையில் தண்ணீரைப் பற்றி ஆராய யார் வந்தாலும் ஊர் தெரிந்த, படகர் பேச்சும் கன்னடமும் ஓரளவு காதில் ஏறிய ஒரு பெண் கூட வேண்டும் என்பார்கள். பெரும்பாலும் அது நானாக இருப்பேன். சமுதாயக் கூடத்தில் சார்ட் பேப்பரை விரித்து, கலர் கலராக ஸ்கெட்ச் பேனா கொடுத்து, "உங்க ஊத்து எங்க இருக்குன்னு வரைங்க" என்று மக்களை உட்கார வைப்பேன். மக்கள் பங்கேற்பு என்று அதற்குப் பெயர். பங்கேற்கிற மக்களுக்கு டீயும் வர்க்கி பிஸ்கட்டும் உண்டு. போன ஆய்வுக்கு வரைந்த அதே படத்தை அவர்கள் பொறுமையாக மறுபடி வரைவார்கள். சில ஊர்களின் படத்தை நானே கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவேன். போன தடவை சொன்னதெல்லாம் என்னங்க ஆச்சு என்று யாராவது ஒருவர் கேட்பார். அது வேற ஆபீஸுங்க என்று சொல்லிச் சொல்லி என் நாக்கு தேய்ந்துவிட்டது.

எமரால்டு பக்கம் ஒரு லைன், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். சின்ன வயதில் சிலோனிலிருந்து பெற்றோரோடு திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர் அங்கே. கீழே அணை பளபளவென்று தெரியும். அந்தத் தண்ணீருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. சோலை ஓரம் கசிகிற ஓர் ஊற்று, அதிலிருந்து இறங்கும் ஒரு குழாய், லைனுக்கு மேலே ஒரு சிமென்ட் தொட்டி, இவ்வளவுதான் அவர்கள் சொத்து. அந்த அம்மா ஊற்றைப் பீலி என்பார். சிலோன் தோட்டத்தில் மலைத் தண்ணீர் வந்து விழுகிற இடத்துக்கு அப்படித்தான் பெயராம். தொட்டியின் வால்வுக்கு ஒரு பூட்டு. சாவி அவர் இடுப்பில். காலையில் திறந்துவிடுவது, பிறகு அடைப்பது, மூடியைத் திறந்து பாசி வழிப்பது எல்லாம் அவர்தான். அதனால் ஆய்வுக்காரர்கள் பாஷையில் அவர்தான் 'கீ இன்ஃபார்மன்ட்', முக்கியத் தகவல் தருகிறவர். நிஜமாகவே சாவி வைத்திருந்த கீ இன்ஃபார்மன்ட்டை நான் அங்கே மட்டும்தான் பார்த்தேன்.

அந்த ஊற்றில் மிச்சம் இருந்தால் கீழூருக்கும், அதை ஒட்டி எழும்பிக்கொண்டிருந்த காட்டேஜ்களுக்கும் ஒரு குழாய் இழுக்கலாம் என்று ஊராட்சியில் பேச்சு. மிச்சம் இருக்கிறதா என்று எங்கள் ஆய்வு சொல்ல வேண்டும். இருக்கிறது என்று சொன்னால் லைனின் தண்ணீர் கீழே போய்விடும்.

முதல் நாள் அவர் வீட்டுக்குப் போனபோது நல்ல மழை. என்னை அடுப்போரம் உட்கார வைத்தார்.

"தேத்தண்ணி குடிங்க பிள்ளை. சீனி நிறைஞ்சிருக்கு" என்றார்.

வந்த டீயில் சீனி இல்லை. பக்கத்தில் ஒரு துண்டு வெல்லம் இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் அரிசி தீர்ந்துபோனால் அம்மா "அரிசி நிறைஞ்சிருக்கு, வாங்கிட்டு வா" என்றுதான் சொல்வாள். அரிசி, உப்பு, மஞ்சள், குங்குமம், இப்படிச் சிலவற்றுக்கு மட்டும் இல்லை என்ற சொல்லை வீட்டுக்குள் சொல்லக் கூடாது. தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் இது உண்டு. ஆனால் இந்த அம்மாவுக்குச் 'சில' என்ற கணக்கே கிடையாது. மண்ணெண்ணெய், தீப்பெட்டி, செல்போன் சார்ஜ், மருந்துக்கடை மாத்திரை, எதுவானாலும் நிறைஞ்சிருக்கும். பஸ் போய்விட்டதா என்று கேட்டால் "பஸ்ஸு வரும்" என்பார். அடுத்த பஸ் மறுநாள் காலையில் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் என்று ஒரு தடவை கேட்டேன்.

"வாயால சொன்னா அதுக்குக் காது கேட்டுரும் பிள்ளை. நம்மளத்தான் கூப்புடுறாங்கன்னு வந்து குந்திக்கும். அப்புறம் போகச் சொன்னாலும் போகாது" என்றார். இல்லாமை என்பது லைன் முனையில் நின்றுகொண்டு, யார் கூப்பிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிற ஆளைப் போலச் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

குடும்ப விவரம் எடுக்க வந்த மாணவன் ஒருவன் அவரிடம் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டான்.

"மேல இருக்காருப்பா" என்று மலைப்பக்கம் கையைக் காட்டினார்.

மேல் எஸ்டேட்டில் வேலை என்று அவன் டேப்லெட்டில் தட்டிவிட்டான். மேலே இருந்தது மயானம். கணவர் இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. நான் திருத்தச் சொன்னபோது அவன் என்னை நம்பாமல் பார்த்தான். அந்த அம்மா முகத்தில் துக்கம் இல்லையே என்றான். துக்கம் நிறைஞ்சிருக்கு என்று சொல்ல வாய் வந்தது. சின்னப் பையனிடம் போய் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

தண்ணீர்க் கேள்விகளில்தான் வினை வந்தது. நாங்கள் போனது மழைக்காலம். தொட்டி வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அளந்து பார்த்தால் எவன் பார்த்தாலும் மிச்சம்தான். கோடையில் எப்படி என்று ஆளைத்தான் கேட்க வேண்டும்.

"கோடையில தொட்டி எப்படிங்கக்கா இருக்கும்?"

"நிறைஞ்சிருக்கும் பிள்ளை."

"போன கோடைக்கு?"

"அப்பவும் நல்லா நிறைஞ்சிருந்துச்சு."

எழுதிக்கொண்டேன். ஓரத்தில், 'வற்றிவிடும் என்று பொருள்' என்றும் எழுதினேன். அன்று சாயங்காலமே எங்கள் ஆய்வுத் தலைவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் சென்னைப் பேராசிரியர், நல்ல மனிதர். எஸ்டேட் ஆட்களைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். அவர்கள் டம்ளரிலேயே டீ குடிப்பார்.

"எங்க வீட்டுலயும் சொல்வாங்கம்மா. ஆனா அது அரிசிக்குத்தானே? தொட்டித் தண்ணிக்கு யார் அப்படிச் சொல்றாங்க?" என்றார்.

"அவங்க சொல்வாங்க சார்."

"அது உங்க விளக்கம். மக்கள் சொன்னதுக்கு நாம விளக்கம் போட ஆரம்பிச்சா அப்புறம் எதுக்கு மக்களைக் கேட்கணும்? அவங்க வாயால மாத்திச் சொல்லட்டும், மாத்திடலாம்."

லைனில் மற்றவர்களையும் கேட்டுத்தான் இருந்தோம். பத்தாதுங்க என்றார்கள். ஆனால் பத்தாது என்று எல்லா ஊரிலும் எல்லோரும் சொல்வார்கள். ஏதாவது திட்டம் வருமென்று சொல்கிறார்கள் என ஆய்வுக்காரர்கள் அதில் கொஞ்சம் கழித்துக்கொள்வது வழக்கம். எல்லோரும் பத்தாது என்கிற இடத்தில் ஒருவர், அதுவும் சாவி வைத்திருப்பவர், நிறைஞ்சிருக்கு என்றால் அந்தச் சொல்லுக்குத் தனி மதிப்பு. இப்படியாக அந்த லைனிலேயே பொய் பேசத் தெரியாதவர் என்று அவர் பெயர் வாங்கினார்.

பிறகு ஒரு விளையாட்டு வைத்தோம். இந்த ஆய்வுகளில் அது ஒரு சடங்கு. ஆளுக்கொரு வேஷம்: ஒருவர் கேரட் விவசாயி, ஒருவர் காட்டேஜ் முதலாளி, ஒருவர் லைன் வீட்டுப் பெண், ஒருவர் பள்ளிக்கூடம். தண்ணீருக்குப் பதில் அவரைக்கொட்டை. மணி அடித்தால் ஒரு பருவம் முடிந்தது. மழைக்குத் தக்கபடி கொட்டை கொடுப்போம். யார் பதுக்குகிறார்கள், யார் பகிர்கிறார்கள், யார் சண்டை போடுகிறார்கள் என்று பார்த்து, அதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஊரே உள்ளே நடமாடும். சமூக மாதிரி என்பார்கள்.

அந்த அம்மாவுக்குக் காட்டேஜ் முதலாளி வேஷம். உட்கார்ந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார். "நீங்க முதலாளிங்கக்கா, இல்லைன்னு சொல்லலாம்" என்றேன்.

"வெளாட்டுலயும் சொல்ல வைக்கிறீங்களே பிள்ளை" என்று என்னையே கடிந்துகொண்டார்.

கொட்டை தீர்ந்த பிறகும் பள்ளிக்கூடமாக வந்தவர் கை நீட்டினார். "இருக்கு, இருங்க" என்று அந்த அம்மா எழுந்து வெளியே போனார். கூடத்துக்குப் பின்னால் யாரும் கவாத்து பண்ணாமல் மரமாகிப்போன ஒரு தேயிலைச் செடி இருந்தது. அதன் கொட்டைகளை மடி நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுத்தார். கூடமே கைதட்டியது. எங்கள் கம்ப்யூட்டர்காரப் பெண் மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"பெய்ஞ்ச மழையைவிட ஊருக்குள்ள தண்ணி அதிகமா இருக்குக்கா. எங்கிருந்து வந்துச்சு?" என்றாள்.

"அந்தம்மா மடியிலிருந்து" என்றேன்.

திரையில் ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளி. தண்ணீர் குறைந்தால் புள்ளி மஞ்சளாகும், பிறகு சிவக்கும், பக்கத்துப் புள்ளியோடு சண்டைக்குப் போகும். அந்த அம்மாவின் புள்ளி எந்தக் கோடையிலும் நீலமாகவே இருந்தது. சாவிக்காரர் என்பதால் அவர் புள்ளிக்கு அதிகச் செல்வாக்கு வைத்திருந்தார்கள். அது நீலமாக இருக்க இருக்கச் சுற்றியிருந்த புள்ளிகளும் மெல்ல நீலமாயின. கடைசியில் லைன் முழுக்க நீலம். குழாயை இழுத்துக் கீழே கொண்டுபோ என்று கூப்பிடுகிற நீலம். நான் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது எனக்கு அந்த அம்மா மேல் கோபம்தான் வந்தது. இவர் ஒருவரின் பிடிவாதத்துக்கு ஒரு லைனே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா என்று இருந்தது.

கடைசிக் கூட்டம் ஊராட்சிக் கூடத்தில். முடிவுகளை மக்கள் முன் வைத்து, சரியா என்று அவர்களையே கேட்கிற கூட்டம். அதன் முந்தின நாள் நானும், அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெண்ணும் அவரிடம் உட்கார்ந்து பேசினோம். அந்தப் பெண்ணுக்குக் கைக்குழந்தை ஒன்று, பள்ளிக்கூடம் போகிற குழந்தை ஒன்று.

"பெரியம்மா, நாளைக்கு அந்த சார் கேட்டா உள்ளதைச் சொல்லிருங்க. நீங்க சொன்னாத்தான் எடுபடுமாம்" என்றாள்.

"நான் என்னாடி பொய்யா சொல்லியிருக்கேன்?"

"பொய்யில்லீங்க பெரியம்மா. ஆனா அவங்களுக்கு நம்ம பேச்சுப் புரியலைங்க."

அந்த அம்மா எழுந்து அடுப்புப் பக்கம் போனார். எனக்குச் சோறு போடட்டுமா என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது, உண்மையான அர்த்தத்தில். ஊராட்சித் தலைவர், கீழூர்க்காரர்கள், காட்டேஜ்காரர்கள் சார்பில் ஒருவர், லைன் பெண்கள் எல்லோரும். திரையில் நீலம் விரிந்தது. லைன் பெண்களிடையே சலசலப்பு. பேராசிரியர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த அம்மாவிடமே போனார்.

"அம்மா, நீங்க சொன்னதை வச்சுத்தான் இதை வரைஞ்சிருக்கோம். கோடையில தொட்டியில தண்ணி எப்படி இருக்கும்? உங்க வாயாலயே சொல்லுங்க."

அவர் எழுந்தார். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டார்.

"நிறைஞ்சிருக்குங்க சார்" என்றார்.

கூடத்தில் இருந்த பெண்களில் பாதிப் பேருக்கு அது புரிந்தது. கீழூர்ப் பெண்களுக்கும் புரிந்தது, முகத்தைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஆனால் கூட்டத்தில் பதிவாவது முகம் அல்லவே. "அப்ப சரி, நிறைவுன்னு போட்டுக்கலாம்" என்றார் ஊராட்சித் தலைவர்.

அடுத்த வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு எழுந்து கத்தினாள். "பெரியம்மா! எம்புள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்ப தொடைச்சுவிட ஒரு சொம்பு தண்ணி கேட்டேனே, என்ன குடுத்தீங்க? அதைச் சொல்லுங்க. சாமி சத்தியமா சொல்லுங்க!"

அந்த அம்மா அவளைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். மைக் அவர் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது.

"இல்லை" என்றார்.

ஸ்பீக்கரில் அது பெரிதாகக் கேட்டது.

"கோடையில பீலியில தண்ணி இல்லை. தொட்டியில இல்லை. வீட்டுல இல்லை. இல்லைங்க சார்."

லைன் பெண்கள் கைதட்டினார்கள். பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. மக்கள் வாயைத் திறந்தால் சமூக மாதிரியே மாறும் என்று சொன்னார். சொன்னபடி அன்றே மாற்றினார்கள். திரையில் லைன் சிவந்தது. குழாய்த் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. எனக்கும் சந்தோஷம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆளுக்கு ரெண்டு வர்க்கி எடுத்துக் கொடுத்துக்கொண்டே அந்த அம்மாவைத் தேடினேன். அவர் கூடத்துக்கு வெளியே குழாயடியில் நின்று வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை, மறுபடி, மறுபடியும். நான் பக்கத்தில் போனதும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "போய்ட்டு வாரேன் பிள்ளை" என்று நடந்தார். டீ குடிக்கவில்லை.

அந்தக் கோடையில் பீலி நின்றுவிட்டது.

குறைவது வழக்கம்தான். சேறும் கசிவுமாகவாவது ஊறிக்கொண்டிருக்கும், பெண்கள் துணி போட்டு வடிகட்டிக் குடிப்பார்கள். அந்த வருஷம் கசிவும் இல்லை. பனி முடிந்த பிறகு ஒரு மழையும் வரவில்லை. மேலே சரிவில் யாரோ போர்வெல் போட்டிருந்தார்கள், அனுமதி வாங்கியோ வாங்காமலோ. நான் போனில் சொன்னதும் பேராசிரியர் மறு வாரமே வந்தார். அந்த அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து, மழை எங்கே விழுகிறது, மண்ணுக்குள் எப்படி இறங்குகிறது, போர் எதை உறிஞ்சுகிறது என்று படம் வரைந்து காட்டினார். இவ்வளவு பொறுமையாக ஒரு புரொபசர் யாருக்கும் விளக்கி நான் பார்த்ததில்லை. அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது சரிங்க சார். படிச்சவங்க" என்றார். பேராசிரியர் ஜீப்புக்குப் போன பிறகு என்னிடம் மெதுவாக, "காது கேட்டுருச்சு பிள்ளை" என்றார்.

நான் வாதாடினேன். குழாய் போட்டிருந்தால் இதற்கு முன்பே போயிருக்கும் என்றேன். உங்களால்தான் ஊற்று கீழே போகாமல் லைனுக்கே தங்கியது என்றேன். அடுத்த வீட்டுப் பெண்ணும் வந்து அவர் காலைத் தொட்டுச் சொன்னாள். அவர் எங்களைச் சமாதானப்படுத்துகிறவர் மாதிரி தலையாட்டினார். சாவியை இடுப்பிலிருந்து எடுத்து அவளிடமே கொடுத்துவிட்டார். தொட்டியில் காற்றுதான் இருந்தது. ஆனாலும் அவள் வாங்க மாட்டேன் என்று அழுதாள்.

ஆய்வு முடிந்தது. அறிக்கையில், சமூகத்தின் குரல் வலுப்பெற்றதற்குச் சான்றாக அந்தக் கூட்டத்தை ஒரு கட்டத்துக்குள் போட்டிருந்தார்கள். படம்கூட இருந்தது, முகத்தை மங்கலாக்கி. நான் அடுத்த ஆய்வுக்கு மசினகுடிப் பக்கம் போய்விட்டேன். அங்கேயும் சார்ட் பேப்பர், அங்கேயும் வர்க்கி. மழை வந்து எமரால்டு ஊற்று மறுபடி கசிய ஆரம்பித்தது என்று அடுத்த வீட்டுப் பெண் போன் பண்ணிச் சொன்னாள். பெரியம்மா அந்தப் பக்கமே போவதில்லை என்றும் சொன்னாள்.

பிறகு ஒரே தடவைதான் அவரைப் பார்த்தேன். ஊட்டி பஸ் ஸ்டாண்டில், ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகக் காத்திருந்தார். குல்லா, மேலே சால்வை, கையில் மாத்திரைக் கவர். இளைத்துப்போயிருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா?"

வாழ்க்கையெல்லாம் கேள்வி கேட்டவள் நான். ஆனால் இதைப் பதில் வேண்டிக் கேட்டதில்லை. யாரும் கேட்பதில்லை. எவ்வளவு நோயோடு இருப்பவரும் இதற்கு ஒரே பதில்தான் சொல்வார்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபமில்லை, குறையுமில்லை. கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டவர் போலப் பார்த்தார்.

"இல்லை பிள்ளை" என்றார்.